காலியாகாத பாட்டில்

ராயபுரத்தில் நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரியில் என் வார்டைப் போலச் சுத்தமான வார்டு கிடையாது. இதை நானே சொல்லிக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை.

அறுபதுகளின் கடைசி. துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் ஒருவர், காலில் இரும்புப் பெட்டி விழுந்து எலும்பு முறிந்து எங்களிடம் வந்தார். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. ஒரே வாரத்தில் புண்ணிலிருந்து குமட்டுகிற இனிப்பு வாடையோடு பச்சைச் சீழ் வர ஆரம்பித்தது. பெனிசிலின் போட்டோம், ஸ்ட்ரெப்டோமைசின் போட்டோம், எதுவும் எடுபடவில்லை. சனிக்கிழமைக்குள் குறையாவிட்டால் காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

மூட்டைக்காரரின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, காலு பூட்ச்சின்னா மூட்டை எப்டி தூக்கும் அந்த ஆளு? இன்னொரு தபா கழுவிவுடுக்கா."

புண்ணை லோஷன் ஊற்றிக் கழுவினேன். மற்றவர்களுக்கு ஒரு வேளை என்றால் அவருக்கு மூன்று வேளை.

செவ்வாய்க்கிழமை லேப்காரர் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சீழைத் தடவி வளர்த்த தட்டில், மருந்து தோய்த்த சின்னச் சின்னக் காகித வில்லைகள். மருந்துக்குக் கிருமி செத்தால் வில்லையைச் சுற்றி வெற்றிடம் தெரிய வேண்டும். இங்கே ஒவ்வொரு வில்லையின் விளிம்பு வரைக்கும் கிருமி ஜம்மென்று வளர்ந்திருந்தது.

"இது வூட்லேர்ந்து வந்த கிருமி இல்ல சிஸ்டர். நாம போடற மருந்துல நோஞ்சானெல்லாம் சாவுது, தப்பிச்ச முரடு மட்டும் பெருகுது. உங்க வார்டுலதான் எங்கியோ குந்திகினு கீது" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் வார்டிலா?

அன்று சாயங்காலம் வீட்டில் பாலுக்கு உறை ஊற்றினேன். ஒரு துளி பழைய மோர், விடிவதற்குள் பால் முழுவதையும் தயிராக்கிவிடும். கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் அரிசிப் பானையையும் உப்பு ஜாடியையும் காலியாக விடமாட்டார்கள், தரித்திரம் என்பார்கள். அந்தப் பழக்கத்தை நான் வார்டுக்கும் கொண்டுபோயிருந்தேன். புண் கழுவும் லோஷன் பாட்டிலில் பாதி குறைந்ததுமே புதிதை ஊற்றி நிரப்பிவிடுவேன். நோயாளி கண்ணெதிரே காலிப் பாட்டில் இருக்கலாமா? நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அது ஒருமுறைகூடக் காலியானதில்லை, கழுவப்பட்டதுமில்லை. அதே பழைய தக்கைதான் மூடி.

விடிந்ததும் பாட்டிலோடு லேப்புக்கு ஓடினேன். லேப்காரர் சிரித்தார். "கிருமியக் கொல்ற லோஷன்லயே கிருமியா? போய் வேலயப் பாருங்க சிஸ்டர்."

"வச்சுத்தான் பாருங்களேன்!"

மறுநாள் தட்டைத் திறந்தார். அதே பச்சை, அதே குமட்டுகிற இனிப்பு வாடை! நான் குதித்தே விட்டேன். "கண்டுபிடிச்சிட்டேன், கண்டுபிடிச்சிட்டேன்" என்று மாடிப்படியெல்லாம் கத்திக்கொண்டு ஓடியதை ஆஸ்பத்திரியே வேடிக்கை பார்த்தது. எல்லாப் பாட்டிலில் இருந்ததையும் சாக்கடையில் கொட்டி, பாட்டில்களைக் கொதிநீரில் போட்டோம். தக்கைகளை அடுப்பில் எரித்தோம். இனி அன்றன்றைக்குப் புது லோஷன், சாயங்காலம் மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும், கட்டிலுக்குக் கட்டில் கை கழுவ வேண்டும். டாக்டர் அந்தக் காலைக் கழுவக் கொதித்து ஆறிய நீரும், தண்ணீர் கலந்த காடியும், அதாவது வினிகரும், எழுதிக் கொடுத்தார்.

அந்தப் புளிப்பு வாடையை முகர்ந்த அவர் மனைவி, "இன்னாக்கா, ஊறுகா போடறியா?" என்றாள். எனக்கு அடக்க முடியாத சிரிப்பு.

சனிக்கிழமை கட்டைப் பிரித்த டாக்டர் முகர்ந்து பார்த்தார். பச்சை பாதிக்குப் பாதி குறைந்திருந்தது. "கால் இருக்கட்டும்" என்றார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டது.

சில வாரங்கள் கழித்து மூட்டைக்காரர் ஊன்றுகோலோடு வாசலில் நின்றார், இரண்டு காலோடு. மனைவி என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மூணு வேளயும் நீ கழுவுனியே, அதுலதான்க்கா பொயச்சிது இந்தக் காலு."

ஆஸ்பத்திரி முழுக்கக் கத்தித் தீர்த்த வாய், அந்த மூன்று வேளையும் நான் ஊற்றியது எந்தப் பாட்டிலிலிருந்து என்று அவளிடம் மட்டும் சொல்லத் திறக்கவில்லை.