நடந்துபோய் வாங்குகிற கடை

பால் எப்போதும் கடையின் கடைசி மூலையில்தான் இருக்கும். மலிவான அரிசி கண் மட்டத்தில் இருக்காது, குனிந்து பார்க்க வேண்டும். பசியோடு உள்ளே போனால் தேவையில்லாதது எல்லாம் கூடையில் ஏறும். சூப்பர்மார்க்கெட்டைப் பற்றிய இந்த அறிவை நெதர்லாந்தில் சேர்த்துக்கொண்டேன். மொன்றியலுக்கு வந்து இறங்கியபோது பெட்டிக்குள் இருந்த குளிர் உடுப்பைவிட இதன்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

கல்யாணம் முடிந்து திருகோணமலையிலிருந்து நெதர்லாந்தின் சின்ன நகரமொன்றுக்குப் போனபோது எனக்கு இருபத்தாறு வயது. முதல் கிழமை நானே தனியாகப் போய் வாங்கிவந்த பால், தேநீரில் ஊற்றியதும் திரிந்துபோனது. பழுதாகிவிட்டதென்று நினைத்து இன்னொரு பெட்டி வாங்கினேன். அதுவும் திரிந்தது. வேலையால் வந்த கணவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பாலில்லை, மோர்," என்றார். அங்கே மோருக்குப் பெயர் கார்னெமெல்க். பாலுக்குப் பக்கத்திலேயே, பால் பெட்டி மாதிரியே ஒரு பெட்டியில் வைத்திருப்பார்கள். அந்த நகரத்துக்குப் புதிதாக வந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் ஒரு தடவையாவது அதை வாங்கி ஏமாந்திருப்பாள்.

அதற்குப் பிறகு நான் கவனமாகப் படித்தேன். எங்கள் நகரத்தில் மூன்று பெரிய கடைகள். நடுவில் இருந்தது விலை கூடியது, ஆனால் கிழமைக்குக் கிழமை சில சாமானைப் பாதி விலைக்குத் தரும். இரண்டாவது, குடும்பங்கள் போகிற கடை. மூன்றாவது நகரத்தின் ஓரத்தில், அட்டைப்பெட்டியோடு சாமானை அடுக்கிவைத்திருக்கும் மலிவுக் கடை. பின்னேரம் ஆறு மணிக்குமேல் எந்தக் கடையில் இறைச்சிக்கு விலைக்கழிவு ஒட்டுத்தாள் ஒட்டுவார்கள், கத்தரிக்காயை எங்கே நிறுத்து ஒட்டுத்தாள் எடுக்க வேண்டும், போத்தலை எந்த இயந்திரத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அறிந்தேன். சைக்கிளின் இரண்டு பக்கமும் பை கட்டிக்கொண்டு, அன்றன்றைக்குத் தேவையானதை அன்றன்றைக்கே வாங்கினேன். புதிதாக வந்த தமிழ்ப் பெண்களையும் சிரியாக்காரப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போய் மோர்ப் பெட்டியைக் காட்டி, "இதைத் தொடாதேங்கோ," என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

பதினொரு வருடத்துக்குப் பிறகு கணவருக்கு மொன்றியலில் வேலை கிடைத்தது. அவருடைய அக்கா, என் மச்சாள், நகரத்தின் ஓரத்துத் தீவான இல்-பிசாரில் தனி வீடொன்றில் இருந்தார். மச்சாளின் கணவர் இறந்து மூன்று வருடம். பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். "மேல்மாடி முழுக்கச் சும்மா கிடக்கு. எவ்வளவு காலமெண்டாலும் இருங்கோ," என்றார். பங்குனிக் கடைசியில், ஓரங்களில் அழுக்குப் பனி குவிந்து கிடந்த நேரத்தில் நாங்கள் போய்ச் சேர்ந்தோம்.

மச்சாளின் ஒழுங்கு எனக்குத் தெரிந்ததற்கு நேர் எதிர். கடைக்குப் போவது சனிக்கிழமை மட்டும். காரில் போய், ஒரு கிழமைக்கு வேண்டிய எல்லாவற்றையும் பெட்டி பெட்டியாக வாங்கி, கராஜில் இருந்த இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியை நிரப்புவார். மாம்பழமும் பெட்டியோடுதான். முதல் சனிக்கிழமை கத்தரிக்காயை நிறுக்க எங்கே போக வேண்டும் என்று நான் தேடித் திரிந்தேன்.

"நீர் ஒண்டும் செய்யத் தேவையில்லை பிள்ளை. வண்டிலைத் தள்ளிக்கொண்டு வாரும்," என்றார் மச்சாள்.

காசாளரிடம்தான் நிறுப்பார்களாம். நான் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஐந்து சனிக்கிழமை அப்படிப் போனது. என்ன வாங்குவது, எந்தக் கடை, எத்தனை என்று எல்லாவற்றையும் மச்சாளே முடிவெடுத்தார். அன்பாகத்தான். ஆனால் முப்பத்தேழு வயதில் கொத்தமல்லி வேண்டும் என்றால் சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க என்னால் முடியவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை அவரும் கணவரும் வேலைக்குப் போன பிறகு, இரண்டு துணிப்பைகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிப் போனேன்.

பிரெஞ்சு எனக்கு 'பொன்ஜூர்', 'மெர்சி', ஓம் என்பதற்கு 'வி', இல்லை என்பதற்கு 'நோன்' தவிர வேறு தெரியாது. அது என்னைப் பயமுறுத்தவில்லை. காசாளர்கள் கேட்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: புள்ளி அட்டை இருக்கிறதா, பை வேண்டுமா, பற்றுச்சீட்டு வேண்டுமா. என்னுடைய கணக்குப்படி முதலாவதுக்கு 'நோன்', இரண்டாவதுக்கு 'நோன்', மூன்றாவதுக்கு 'வி'. அப்படியே சொன்னேன். மூன்றாவது கேள்விக்கு 'வி' சொன்னதும் காசாளர் பெண் முகம் மலர்ந்து, ஒரு கடதாசி இதயத்தையும் பேனையையும் என் முன்னால் வைத்து எழுதச் சொல்லிக் காட்டினாள். பின்சுவரில் அதே மாதிரி இதயங்கள் வரிசையாக ஒட்டியிருந்தன. நோயாளிப் பிள்ளைகளுக்காக இரண்டு டொலர் நன்கொடை கொடுக்கச் சம்மதித்திருக்கிறேன் என்று விளங்கியது. பேரைத் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அவள் அதைத் தலைகீழாக ஒட்டினாள்.

வெளியே வந்தபோது என்னைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது. பஸ் தரிப்பிடத்தில் பார்த்தால் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணித்தியாலம். உறையவைத்த மீன் பையில். நடந்தேன். இரண்டு கையிலும் பை, பாலத்தில் ஆற்றுக் காற்று. முக்கால் மணித்தியாலத்தில் வீடு. கை சிவந்திருந்தது, ஆனால் அன்றைக்குத்தான் நான் மொன்றியலுக்கு வந்து சேர்ந்த மாதிரி உணர்ந்தேன்.

பின்னேரம் மச்சாள் கோட்டைக் கழற்றாமலே குசினிக்குள் வந்தார். காரில் போன ஒரு தேவாலயச் சிநேகிதி என்னைப் பாலத்தில் கண்டு அவருக்குப் போன் எடுத்திருக்கிறார்.

"என்ரை தம்பியின்ரை மனுசி பாலத்திலை சாமான் தூக்கிக்கொண்டு போறா எண்டு அவ சொல்லுறா. நான் என்ன பதில் சொல்ல?"

"கடைக்குப் போனவ எண்டு சொல்லுங்கோ மச்சாள்."

"என்ன குறை இந்த வீட்டிலை? என்ன இல்லை?"

"ஒரு குறையும் இல்லை. நானாப் போய் வாங்க விருப்பமாயிருந்தது. அங்கை பதினொரு வருசம் அப்பிடித்தான் செய்தனான்."

அவர் கதிரையில் இருந்தார். மேசையில் கிடந்த கொத்தமல்லிக் கட்டை எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு, "தனியப் போகப் பழகினால் பேந்து வேறை வீடு பாப்பீங்கள்," என்றார் மெதுவாக.

அவர் சொன்னது சரி. நாங்கள் ஏற்கெனவே நகரத்துக்குள் வில்லரே என்ற பகுதியில் ஒரு வீட்டைப் பார்த்து வைத்திருந்தோம். அதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் நானும் கணவரும் ஒரு கிழமையாகச் சும்மா இருந்தோம். அன்றைக்குச் சொன்னேன். அவர் எழும்பிப் போய்க் கோட்டைக் கழற்றிக் கொழுவினார்.

இந்த நகரத்தில் பாதிப்பேர் வீடு மாறுகிற ஜூலை முதலாந் திகதியில் நாங்களும் மாறினோம். வில்லரேயில் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடைக்குள் ஒரு பெரிய கடை, ஒரு மலிவுக் கடை, ஒரு பழக்கடை. இரண்டு கிழமையில் மூன்றும் எனக்கு மனப்பாடம். மச்சாள் மட்டும் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. போன் எடுத்தால், "நேரமில்லை, பேந்து பாப்பம்," என்பார்.

நான்காம் கிழமை மலிவுக் கடையில் சாம்பல் நிறத்தில் ஒரு மாவைக் கண்டேன். பிட்டு அவிக்கிற குரக்கன் மா என்று நினைத்து, அதில் யோசிக்க ஒன்றுமில்லை என்று தூக்கி வந்தேன். அவித்த பிட்டு பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நின்றது. இரண்டாம் தரமும் அப்படியே. உண்மையாகவே என்ன செய்வதென்று தெரியாமல் மச்சாளுக்குப் போன் எடுத்தேன்.

"பையிலை என்ன எழுதிக் கிடக்கு? வாசியும்."

எழுத்துக் கூட்டி வாசித்தேன். அந்தப் பக்கத்தில் அவர் சிரிக்கிறது கேட்டது.

"அது சராசான். இந்த ஊர்ச் சனம் மெல்லிசா ரொட்டி சுடுற மா. பிட்டுக்குச் சரிவராது. அதை எறியாதையும், நான் வாறன்."

ஒரு மணித்தியாலத்தில் வந்துவிட்டார். மாவைத் தண்ணீராகக் கரைத்து, தாச்சியில் தோசை மாதிரி ஊற்றினார். இந்த நாட்டுக்கு வந்த முதல் வருடம் தான் வேலை செய்த இடத்தில் ஒரு கிபெக் கிழவி இதைச் சொல்லிக்கொடுத்ததாகச் சொன்னார். அவர்கள் இனிப்புப் பாணி ஊற்றிச் சாப்பிடுவார்களாம். நாங்கள் கட்டச் சம்பலோடு சாப்பிட்டோம். நன்றாக இருந்தது. என் கணவர் ஏழு தின்றார்.

"இருபத்திரண்டு வருசம் இஞ்சை இருக்கிறன்," என்றார் மச்சாள், கை கழுவிக்கொண்டு. "நடந்து போய் ஒரு சாமான் வாங்கினதில்லை. உம்மடை கடையளைக் காட்டும் பாப்பம்."

காட்டினேன். மூன்று கடைக்கும் கூட்டிப் போனேன். எதில் எது வாங்க வேண்டும், எதை வாங்கக் கூடாது என்று சொன்னேன். அவர் எனக்கு மாப் பைகளில் இருந்த பிரெஞ்சை ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினார். பழக்கடையில் நின்ற ஹெயிட்டிப் பெண்ணோடு மச்சாள் மரவள்ளிக்கிழங்கு பற்றிப் பத்து நிமிடம் பிரெஞ்சில் கதைத்தார். அவர் இவ்வளவு கலகலப்பாகக் கதைத்து நான் அதுவரை பார்த்ததில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அவர்தான் எங்களிடம் வருகிறார். காரை எங்கள் தெருவில் விட்டுவிட்டு, சில்லுப் பையை இழுத்துக்கொண்டு என்னோடு நடக்கிறார். கராஜில் இருந்த இரண்டாவது குளிர்சாதனப் பெட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கி, ஞாயிறு காலையில் இங்கிருந்தே தேவாலயத்துக்குப் போகிறார். போன கிழமை பழக்கடையில் மாம்பழங்களை நெடுநேரம் தட்டிப் பார்த்து, ஒன்றே ஒன்றை எடுத்தார். "பெட்டியோடை எடுக்கேல்லையோ மச்சாள்?" என்று கேட்டேன். "மூண்டு பேருக்கு இது காணும்," என்று சொல்லிவிட்டு, காசு கொடுக்கிற வரிசையில் எனக்கு முன்னால் போய் நின்றார்.