ஒரிஜினல் பெயின்ட்

சுபஹுத் தொழுதுவிட்டு வரும் செய்னுலாப்தீன், கேற்றைச் சாத்தியதும் முதல் வேலையாகத் தார்ப்பாயின் ஒரு மூலையை உயர்த்திச் சுட்டுவிரலால் காரின் பொனட்டைத் தடவுகிறார். அந்த விரலை நாக்கு நுனியில் வைத்துப் பார்க்கிறார். "உப்பு" என்கிறார், தனக்குத்தானே. கற்பிட்டியில், கடலுக்கும் களப்பு நீரேரிக்கும் நடுவே இருக்கும் வீட்டில், எதைத் தடவி நக்கினாலும் உப்புத்தான். ஆனால் அவருக்கு ஒவ்வொரு விடியலும் அது புதுச் செய்தி. ஒரு வாளி நல்ல தண்ணீரும் ஒரு துவாயும் கொஞ்சம் மூச்சும் காருக்குச் செலவான பிறகுதான் அவருக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும்.

"இல்மாட வாப்பா, நீங்க ஊதுறதப் பாத்தா காய்ச்சல்காரப் புள்ளைக்கு ஓதி ஊதுற மாதிரி ஈக்கி" என்பார் மனைவி றுக்கியா, குசினி யன்னலில் நின்று.

கார் வெள்ளை நிறம், ஜப்பானில் செய்தது. யுத்தம் முடிந்து, பாதைகள் திறந்து, ஊரில் ஆளுக்கொரு வாகனம் வாங்கிய காலத்தில் வாங்கியது. அதை மூட முதலில் ஒரு பழைய படுக்கை விரிப்பு, அதன் மேல் றுக்கியாவின் இரண்டு சாரிகள், அதற்கும் மேல் தார்ப்பாய். வெங்காயத் தோட்டங்களுக்குச் செய்னுலாப்தீன் மோட்டார் சைக்கிளில் போவார். மணல் பாதை காருக்கு ஆகாது. றுக்கியா கிளினிக்குக்குப் புத்தளம் பஸ்ஸில் போவார். தூசி காருக்கு ஆகாது. கார் வெளியே போவது பெருநாள் தினங்களில் பள்ளிவாசலுக்கு மட்டும். அதுவும் நடந்து போகிறவர்கள் முந்திச் செல்லும் வேகத்தில்.

"ஒரிஜினல் பெயின்ட்" என்பார், யார் வந்து நின்றாலும். "கம்பனியில அடிச்சதுக்குப் பொறகு வேற ஆருட கையும் படல்ல. கொழும்பில டொக்டர் நோனா ஒராள் ஓடினது." தொண்ணூறில், ஊரோடு விரட்டப்பட்டு, மன்னாரிலிருந்து படகில் வந்து இந்தக் கரையில் இறங்கியபோது அவருக்கு இருபத்துநாலு வயது, கையில் ஒரு துணிப்பை. அந்தக் கதையை அவர் வாயால் சொல்வதில்லை. அதற்குப் பதிலாகக் காரைக் காட்டுவார்.

தொழில் வெங்காயம் வாங்கி அனுப்புவது. தோட்டக்காரர்கள் அவருக்குப் பயப்படுவார்கள். சாக்கின் வாயில் காய்ந்து மினுங்கும் வெங்காயத்தை அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். சட்டைக் கையை மடித்து முழங்கை வரை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, ஒவ்வொன்றின் கழுத்தையும் பெருவிரலால் நசுக்கிப் பார்ப்பார். "மேல எல்லாம் வடிவுதான். அடியக் காட்டுங்க" என்பது அவருடைய சலாமுக்கு அடுத்த வார்த்தை. தோல் பளபளப்பைப் பார்த்து அவர் ஏமாந்ததாக இந்தக் கரையில் ஒரு தோட்டக்காரனும் சொல்லமாட்டான்.

இளைய மகள் அஸ்காவைப் பார்க்க முந்தலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வெள்ளிக்கிழமை வருவதாக முடிவானதும், வீட்டில் றுக்கியா திரைச்சீலைகளைக் கழற்றித் துவைத்தார். செய்னுலாப்தீன் தார்ப்பாயைக் கழற்றினார். வெயிலில் வைத்துப் பார்த்தபோது வெள்ளையில் ஒரு மங்கல். சிலந்தி வலை போல நுண்ணிய கீறல்கள். விடியற்காலைத் துவாய்தான் அவற்றைப் போட்டது என்று அவருக்கு யார் சொல்வது? பொலிஷ் செய்யும் இடத்தில் கொடுக்கலாம் என்றான் மூத்த மருமகன், இல்மாவின் கணவன் இப்ஹாம். "அவனுகள் அழுத்தித் தேய்ச்சிடுவானுகள்" என்று சொல்லிவிட்டுப் புத்தளத்துக்குப் போய், சுழலும் பொலிஷ் மெஷின் ஒன்றும், அதில் மாட்டும் பொஞ்சு நுரைத் தட்டுகளும், ஒரு போத்தல் கொம்பவுண்ட் தேய்ப்புப் பசையும், ஒரு டின் மெழுகும் வாங்கி வந்தார்.

பாடம் கைப்பேசியில். அதில் ஒரு தொப்பிக்காரன் அவருக்குத் தெரியாத ஒரு பாஷையில் விடாமல் பேசிக்கொண்டே கார்களை மினுக்கினான். செய்னுலாப்தீன் அவனுடைய கையை மட்டும் பார்த்தார். நடுநடுவே அவன் கதவோரத்தையும் மட்காட் விளிம்பையும் விரலால் தட்டி, தலையை ஆட்டி, முகத்தைச் சுளித்து ஏதோ சொன்னான். ஓரம் வடிவாக இருக்கிறது என்கிறான் போலும் என்று இவர் நினைத்துக்கொண்டார். ஒன்று மட்டும் தெளிவாக விளங்கியது: அவன் முதலில் ஒரு பழைய தகட்டில் செய்து காட்டினான்.

"பழசு ஒண்டுலதான் கை பழகோணும்" என்று செய்னுலாப்தீன் வாசலைச் சுற்றிப் பார்த்தார். இப்ஹாமின் கார் நின்றது.

இப்ஹாமுக்கு ஆலங்குடாவில், காற்றுப் பட்டம் பிடித்துக் கடலில் சறுக்கும் வெள்ளைக்காரர்கள் தங்கும் விடுதியில் வேலை. ஈரப் பட்டங்களையும் பலகைகளையும் கூரையில் கட்டி, மணலுக்குள் ஓடி, கடலுக்கு நேரே நிறுத்தி வைக்கப்படும் அந்தச் சின்னக் காரை, மாமனார் 'மீன்பெட்டி' என்று மட்டுமே அழைப்பார். அதன் நிறம் அவருக்கு வெளிறிய ரோசாப்பூ.

"செய்ங்க மாமா" என்றான் இப்ஹாம். "இதுல இனிக் கெட்டுப்போக என்ன ஈக்கி?"

புதன்கிழமை மெஷின் வேலைக்கு வந்தது. கொம்பவுண்டைப் பொஞ்சில் சம்பல் வைப்பதுபோல் தாராளமாக வைத்து, காரில் தொடுமுன்னரே ஆக உச்ச வேகத்தில் சுவிட்சைத் தட்டினார். அடுத்த கணம் அவருடைய தாடி, சாரம், சுவர், கொடியில் காய்ந்த திரைச்சீலை எல்லாவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள். மெஷின் கையை இழுத்துக்கொண்டு பொனட்டின் குறுக்கே கிடாய் மாதிரி ஓடியது.

"அல்லாஹ்வே, துவைச்சுக் காயப்போட்டது இதுக்கா!" என்று றுக்கியா உள்ளிருந்து ஓடிவந்தார்.

வேகத்தைக் குறைத்து, பொஞ்சைத் தட்டையாகப் பிடித்து, மெல்ல மெல்ல நகர்த்தினார். பொஞ்சைத் திருப்பிப் பார்த்தவர் பதறிவிட்டார். இரத்தச் சிவப்பு. "இப்ஹாம்! ஒண்ட பெயின்ட் கழறுது!"

"கழறட்டும் மாமா. மேல உள்ளது செத்த பெயின்ட்தானே."

துடைத்தார். ரோசாப்பூ போன இடத்தில், இப்போதுதான் வெட்டிய தர்பூசணி போல ஒரு சிவப்பு திறந்து கிடந்தது.  செய்னுலாப்தீன் அஸர் தொழுகை வரை தேய்த்தார். மெழுகைத் தடிப்பாகப் பூசி வெயிலில் விட்டதில் அது கஞ்சிப் பசைபோல் இறுகி, எடுப்பதற்குள் தோள்பட்டை கழன்றது. ஆனாலும் மீன்பெட்டி மாணிக்கமாகிவிட்டது. இரவுச் சாப்பாட்டுக்கு முன் அவர் இரண்டு தடவை வெளியே போய் அதைப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு தடவையும் அவருக்குச் சந்தோசமாக இருந்தது. சந்தோசமாக இருந்ததில் எரிச்சலாகவும் இருந்தது.

வியாழக்கிழமை தன் காரை மாமர நிழலில் நிறுத்தினார். இந்த முறை எல்லாம் ஒழுங்கு. கழுவி, காய விட்டு, றப்பர்களுக்குப் பசைநாடா ஒட்டி, பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்கினார். பொனட்டும் கூரையும் கதவுகளும் வெண்ணெயாக வந்தன. பின்பக்க மட்காட்டின் விளிம்பில், விளக்குக்குக் கிட்ட, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு மங்கல் மட்டும் போகவில்லை. பிரியமுள்ள இடத்தில் கை கொஞ்சம் கூடுதலாகத் தங்கும். தங்கியது. ஏதோ கருகும் மணம் வந்ததும் மெஷினைத் தூக்கினார்.

விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு நீலக்கோடு.

துணிச் சாயம் என்று நினைத்துத் துடைத்தார். எச்சில் தொட்டுத் துடைத்தார். துடைக்கத் துடைக்க நீலம் தெளிவாகியது. கைப்பேசியின் தொப்பிக்காரன் ஓரங்களைத் தட்டித் தட்டி என்ன சொன்னான் என்று அவருக்கு இப்போது விளங்கியது. ஓரத்தில் பெயின்ட் மெல்லிசு. ஆனால் வெள்ளைக்குக் கீழே நீலம் எப்படி வந்தது என்பதை அவன் சொல்லியிருக்கமாட்டான்.

இப்ஹாம் வந்து குந்தியிருந்து பார்த்தான். டிக்கியைத் திறந்து, விளிம்பு றப்பரை விரலால் விலக்கினான். உள்ளேயும் நீலம். கம்பளத்தைத் தூக்கினான், தட்டி நிமிர்த்திய சுத்தியல் தழும்புகள் வரிசையாக இருந்தன. "மாமா" என்றான் மெதுவாக, "இது பொறகு அடிச்ச வெள்ளை. ஒரிஜினல் நீலம்தான். பொறத்தால பெரிசா ஒண்டு அடிபட்டிரிக்கி."

செய்னுலாப்தீன் மாமரத்து வேரில் உட்கார்ந்தார். எத்தனை சாக்குக்குள் முழங்கை வரை கை விட்டிருப்பார்! இந்தக் காரின் கம்பளத்தை ஒருநாளும் தூக்கவில்லை. அது அவருடைய நினைவில் ஓடியதை முகத்தில் பார்த்த இப்ஹாம், சிரிப்பை அடக்கக் கிணற்றடிப் பக்கம் போய்விட்டான். றுக்கியா அடக்கவில்லை. தேநீரைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, நீலக்கோட்டைக் குனிந்து பார்த்தார்.

"டொக்டர் நோனா நீலச் சாரி உடுத்துத்தான் ஓடியிருப்பா போல."

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு முந்தல்காரர்கள் வேனில் வந்தார்கள். மாப்பிள்ளையின் வாப்பா மஸாஹிர் இறால் பண்ணைக்காரர். உரத்த குரலும் எதையும் தொட்டுப் பார்க்கும் கையும் உள்ளவர். வெள்ளைக் காரைச் செய்னுலாப்தீன், நீலக்கோடு மதிலைப் பார்க்கும்படி மதிலோடு ஒட்டி நிறுத்தியிருந்தார். அந்தக் கவலை வீண். மஸாஹிர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. சிவப்புக் காருக்கு முன்னால் நின்றுவிட்டார்.

"மாஷா அல்லாஹ்! என்ன செகப்பு! புதுசா எடுத்தீங்களா?"

செய்னுலாப்தீன் மதிலோரத்து வெள்ளைக் காரை ஒருதரம் பார்த்தார். "இல்ல. மருமகன்ட. பழசு."

"பழசா? கதைக்காதீங்க. இது ஒரிஜினல் பெயின்ட்தானே?"

"ஓம்" என்றார். அந்தச் சொல்லை அவர் இன்னொரு காருக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை. "ஒரிஜினல்தான்."

"ஆரு பொலிஷ் பண்ணின?"

வாசற்படியில் நின்ற இப்ஹாம் முந்திக்கொண்டான். "மாமாதான். தனிக் கையால."

மஸாஹிர் சம்பந்தியாகப் போகிறவரை மேலும் கீழும் பார்த்தார். கேள்விப்பட்டதை விட ஆள் கெட்டிக்காரன் என்ற பார்வை. "அப்ப என்ட வேனையும் கொண்டு வரட்டா? இனி வரப்போகத்தானே போறோம்."

குசினியில் றுக்கியாவின் கையிலிருந்த கோப்பை ஒன்று தட்டில் மோதிச் சத்தமிட்டது. இனி வரப்போக என்றால், அஸ்காவைப் பிடித்துவிட்டது என்று அர்த்தம்.

"கொண்டு வாங்க" என்றார் செய்னுலாப்தீன். "ஆனா ஓரங்களுக்கு நான் பொறுப்பில்ல."

மஸாஹிர் அதைப் பகிடியென்று எடுத்து வயிறு குலுங்கச் சிரித்தார்.

விருந்தாளிகள் போன பிறகு, மகளுடைய விசயம் முடிவான மகிழ்ச்சியில் வீடு சத்தமாக இருந்தது. செய்னுலாப்தீன் காரை மதிலிலிருந்து வெளியே எடுத்து நிறுத்தினார். இப்ஹாம் கடையிலிருந்து வாங்கிவந்த சின்னப் போத்தலை நீட்டினான். மூடியிலேயே தூரிகை உள்ள வெள்ளைப் பெயின்ட். "ஒரு தொடு தொட்டா ஆருக்கும் தெரியாது மாமா."

அவர் போத்தலை வாங்கினார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பி அவன் சட்டைப்பையிலேயே போட்டார். பிறகு மெழுகு டின்னைத் திறந்து, பொஞ்சின் நுனியில் கொஞ்சமே எடுத்து, அந்த நீலக்கோட்டின் மேல் சின்னச் சின்ன வட்டமாகப் பூசினார். புகைபோல் படரும் வரை பொறுத்திருந்தார். புதுத்துணி ஒன்றை உதறி, நாலாக மடித்து, மெதுவாகத் துடைத்தார். பின் முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, அந்த விரல் நீள நீலத்துக்குள் தன் முகம் தெரிகிறதா என்று பார்த்தார்.