தொதல் இல்லை, யோகான்

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு வோபர்னில் பஸ் ஏறினோம். கென்னடியில் ரயிலுக்கு மாறி, பே நிலையத்தில் இறங்கியபோது பத்தேமுக்கால். திங்கட்கிழமை மகள் ஆரணிக்கு ஐந்து வயது. பாலும் முட்டையும் அவளுக்கு ஒவ்வாது. வகுப்பில் யாருக்குப் பிறந்தநாள் வந்தாலும் தன் தனிச் சாப்பாட்டுப் பெட்டியோடுதான் இருப்பாள். எதை நீட்டினாலும், "அம்மா, இது எனக்கு ஓகேயோ?" என்பாள். எல்லோரோடும் சேர்ந்து அவளும் சாப்பிடக்கூடிய ஒன்றைத் தேடித்தான் இந்த ஜப்பானிய இனிப்புக் கடைக்குப் புறப்பட்டோம்.

கண்ணாடிக்குள் அரிசிமா உருண்டைகள். ஓரத்தில், ஊரில் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டுக் கிண்டும் தொதல்போலக் கருஞ்சிவப்பாய் ஒரு கட்டி. என்னையறியாமல் தமிழில் கேட்டுவிட்டேன்: "இது தொதலெல்லே?"

விற்க நின்ற பெண் சிரித்தார். "தொதல் இல்லை, தங்கச்சி, யோகான். எங்கட ஆக்கள் எல்லாரும் உதைத்தான் கேக்கினம்." எங்கள் பக்கத்து வெக்ஸ்போர்ட்காரராம், பெயர் சாந்தி அக்கா.

"பால், முட்டை ஒண்டும் இல்லைத்தானே?"

"சிவப்புப் பயறு, சீனி, கடற்பாசி. அவ்வளவுதான்."

"நெய்?"

"இல்லை."

"மற்றதுகள் வெட்டுற கத்தியாலயோ இதையும்..."

"உது பெட்டியில ஒட்டியே வாறது, இங்க வெட்டுறேல்லை, பிள்ளை. பயத்தை வீட்டை விட்டிட்டு வந்திருக்கலாம்."

யோகானின் கதையையும் சாந்தி அக்கா சொன்னார்: சீனாவில் அது ஆட்டிறைச்சிச் சூப்பாய் இருந்ததாம், ஆறினால் கட்டியாகிவிடும். இறைச்சி தொடாத புத்த பிக்குகள் ஜப்பானில் பயற்றை அரைத்து அதேபோலச் செய்தார்களாம். சீனி பின்னால் சேர்ந்தது. எழுதும் பெயரில் மட்டும் 'ஆடு' என்ற எழுத்து மிச்சம். சாப்பிடக் கூடாதவர்களுக்காகப் பிறந்த பண்டம் என்பது எனக்குப் பிடித்திருந்தது.

விபரச்சீட்டை இரண்டு தரம் வாசித்தேன். பெட்டி பன்னிரண்டு டொலர். இரண்டு வாங்கி, வாசலில் கிடந்த மரவாங்கில் உட்கார்ந்து ஒன்றைப் பிரித்தேன். தேங்காய்ப்பால் மணம் இல்லை, ஏலக்காய் இல்லை. ஆனாலும் அந்த வழுவழுப்பு என்னைப் பார்க்டேலுக்குக் கொண்டுபோனது. நான் சிறுமியாய், அங்கே ஒற்றை அறையில் நாங்கள் இருந்தபோது, ஊரிலிருந்து யாராவது வந்தால் தொதல் வரும். மாடியிலிருந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் பங்கிட்டால் குறையாமல் காணவேண்டுமென்று அம்மா அதைக் கடதாசிபோல வெட்டுவார். தடித்த துண்டு கேட்டு நான் அழுவேன்.

ஆரணிக்கு நகமளவு கொடுத்தேன். ஒவ்வாமை ஊசி கைப்பையில் இருக்கிறதா என்று திரும்பத் திரும்பத் தடவிக்கொண்டு அவள் உதட்டையே பார்த்திருந்தேன். அரை மணியாகியும் ஒன்றும் இல்லை. இன்னும் கேட்டாள்.

திரும்பும் ரயிலில் பெட்டிகளை மடியில் அணைத்துக்கொண்டு வந்தாள். கென்னடி நெருங்கும்போது, "அம்மா" என்றாள். வழக்கமான கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன்.

"கிளாஸ்ல எல்லாருக்கும் காணுமோ?"

"காணும்," என்றேன். "மெல்லிசா வெட்டுவம்."