திருப்பி அனுப்பிய கல் லாரி

கண்மணி, பிரவீன்... இரண்டு பேரும் என்னோடு சரியாகப் பேசிப் பல நாளாகிறது. சோறு வேண்டுமா என்று கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறீர்கள். வாசல் வரை வந்த கல் லாரியை அப்பா ஏன் திருப்பி அனுப்பினார்? இதுதானே உங்கள் கோபம்?

நேரில் சொல்ல ஆரம்பித்தால் பாதியிலேயே எனக்குக் குரல் உயர்ந்துவிடும். அதனால் இந்த வாரம், பத்திரிகையில் நான் எழுதுகிற சிறுவர் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிற மற்ற பிள்ளைகளும் கேட்டுக்கொள்ளட்டும்.

மற்ற பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீடு திருவொற்றியூரில், கடலை ஒட்டிய குப்பத்தில் இருக்கிறது. முன்வாசல் தெருவைப் பார்க்கும். சமையலறை கடலைப் பார்க்கும். நடுவில் முன்பெல்லாம் கிரிக்கெட் ஆடுகிற அளவுக்கு மணல் இருந்தது. இப்போது? பந்தை மெதுவாக உருட்டினாலே தண்ணீருக்குள் போய்விடும்.

போன மாதம் ஒரு காலை, உங்கள் அம்மா துணி வாளியோடு பின்கதவைத் திறந்தாள். துவைக்கிற கல்லைக் காணோம்!

"என்னாங்க... கல்ல எவனோ தூக்கினு பூட்டான்!"

எவனும் தூக்கவில்லை. அடியில் இருந்த மணல் கரைந்து, கல் கடலுக்குள் உருண்டு கிடந்தது. அதற்கு அடுத்து என்ன இருக்கிறது? சமையலறைச் சுவர்தான்.

அன்றிலிருந்து என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வேலை பார்க்கிற கன்டெய்னர் யார்டில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போதும் நினைப்பு பின்கதவில்தான். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ஒரு வாய்க்கு ஒரு தடவை எழுந்துபோய்ப் பார்ப்பேன். "கடல் எங்கியும் போவாதுப்பா, சாப்புடு" என்று கண்மணி கிண்டல் செய்தாளே... போகாதும்மா. வரும். அதுதானே பயம்!

எங்களுக்குத் தெற்குப் பக்கத்து வீடு அம்மாவின் தம்பி, உங்கள் சேகர் மாமாவுடையது. போன வருஷமே அவர் வீட்டுக்குப் பின்னால் கல்லைக் கொட்டி, கொஞ்சம் கடலுக்குள்ளும் நீட்டி வைத்துவிட்டார். அவர் பக்கம் இன்னமும் மணல் மேடாக இருக்கிறது. வடக்குப் பக்கம் அஞ்சலை அத்தை. பழைய வலையை மணலில் விரித்துக் கருவாடு காயப்போடுகிறவர். அந்த மணல் இல்லாவிட்டால் அவருக்குப் பிழைப்பு இல்லை.

சேகரைப் போல நானும் கல் போட்டால் என்ன?

வண்ணாரப்பேட்டை ரஃபீக் பாய் என் பழைய தோஸ்து. இடித்த கட்டிடங்களை அள்ளுகிற லாரி வைத்திருக்கிறார். அவரிடம் வாயைத் திறந்ததுதான் தாமதம்...

"இன்னா நைனா, இதுக்குப் போயி மூஞ்சத் தொங்கப்போட்டுகினு கீறே? ஞாயித்துக்கெழம ஒரு லோடு இட்டாறேன். கொட்டினா மேட்டர் ஓவர்!"

உங்கள் அம்மாதான் இழுத்தாள். "ஆபீஸ்ல ஒரு வார்த்த கேட்டுடுங்க. நாளைக்கு எவனாவது வந்து நம்பளையே அள்ளச் சொன்னா?"

சரி என்று லீவு போட்டுவிட்டு, கரையோர வேலைகளைப் பார்க்கிற அரசு அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் ஓர் இன்ஜினியர் அம்மா. முழுவதும் கேட்டார்.

"இடிச்ச கட்டிடக் கழிவைக் கடற்கரையில கொட்டவே கூடாதுங்க."

"சரி மேடம், கருங்கல்லாவே போடறேன்."

"தனித்தனி வீட்டுக்காரர் அவங்கவங்களாப் போடக் கூடாது. கரை முழுக்க ஆய்வு பண்ணி, அனுமதி வாங்கி, டிபார்ட்மென்ட்தான் போடணும்."

"அதுக்குள்ள எங்க சமையக்கட்டுல மீன் பூந்துடும் மேடம்! குழம்புக்கு ஆவும்னு சொல்றீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. "உங்களுக்குத் தெற்கே யாராவது கல் போட்டிருக்காங்களா?"

"எங்க மச்சான் போட்டுகீறாரு. சூப்பரா நிக்குது."

"எப்போ?"

"போன வருஷம்."

"உங்க மணல் எப்போலேர்ந்து போகுது?"

விரலை மடக்கி மாதங்களை எண்ணினேன். சேகர் கல் போட்ட பிறகுதான்!

பிள்ளைகளே, மணல் சும்மா கிடக்கிறது என்றுதான் நானும் இத்தனை வயது வரை நினைத்திருந்தேன். அது நடக்கிறதாம்! நம் கரையில் வருஷத்தின் பெரும்பகுதி தெற்கேயிருந்து வடக்கே நடக்கிறது. வழியில் ஒருவர் கல்லை நீட்டினால் அவரிடம் தங்கிவிடும். அடுத்தவருக்கு வர வேண்டியது வராது. அலை மட்டும் தவறாமல் வரும்.

கிளம்பும்போது அந்த அம்மா ஒன்று கேட்டார். "உங்களுக்கு வடக்கே யார் இருக்காங்க?"

பஸ்ஸில் வரும்போது எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! சேகர் மேல் கோபம். சட்டத்தின் மேல் அதைவிடக் கோபம். தெற்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் எத்தனை பெரிய பெரிய சுவர்கள் நிற்கின்றன? அவற்றுக்கெல்லாம் அனுமதி கிடைத்தபோது, ராயபுரத்துக்கு வடக்கே இருக்கிற நம்மை யாராவது கூப்பிட்டுக் கேட்டார்களா? என் சமையலறை என்றதும்தானா இத்தனை கேள்வி?

கேட்கவில்லைதான். ஆனால்... நான் மட்டும் அஞ்சலை அத்தையைக் கேட்டேனா?

ரஃபீக் பாய்க்கு போன் செய்து வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். போனை எடுப்பேன், வைப்பேன். மனசு ஒரு பக்கமாக நின்றால்தானே? ஞாயிற்றுக்கிழமை லாரி வந்தேவிட்டது.

சந்துக்குள் ரிவர்ஸில் வந்த லாரியை நீங்கள் இரண்டு பேரும் "வா... வா..." என்று கை காட்டி அழைத்தீர்கள். மேலே உடைந்த சுவர்த் துண்டுகள். ஒன்றில் நீலப் பூப்போட்ட டைல்ஸ் ஒட்டிக்கொண்டிருந்தது. யார் வீட்டுச் சமையலறையோ, நம் சமையலறையைக் காப்பாற்ற வந்திருந்தது.

அஞ்சலை அத்தை கருவாட்டுக் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு லாரிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"இன்னா தம்பி, உன் வூட்டுக்குக் கல்லு. என் வூட்டுக்கு இன்னா? அலையா?"

சேகர் மாமா மொட்டை மாடியிலிருந்து குரல் கொடுத்தார். "யக்கா, ஓரமாப் போ! நீ கொட்டு பாய், அப்பால பேசிக்கலாம்."

"நீ பேசாத சேகரு! நீ போட்ட கல்லால இவன் மணலு பூட்ச்சு. இவன் போட்டா என்து பூடும். நான் யார் வூட்டாண்ட போயிக் கொட்றது?"

ஆபீஸில் மேடம் நிதானமாகச் சொன்னதை அத்தை ஒரே மூச்சில் கத்திவிட்டார். தெரு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ரஃபீக் பாய் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "நைனா, இறக்கட்டா, வாணாவா? ஒண்ணு சொல்லு. வண்டிய நிறுத்திகினு பேஜாரு பண்ணாத."

"வாணாம் பாய். எடுத்துகினு போ."

"கிறுக்குப் புட்சிகிச்சா உனுக்கு?"

பிரவீன், அப்போது நீ என் சட்டையைப் பிடித்து இழுத்தாய். "அப்பா, நம்ப வூடுப்பா!" என்றாய். நம் வீடுதான்டா. அது தெரியாமலா சொன்னேன்?

கடலைத் தடுக்கிறோம் என்றுதான் நாம் எல்லோரும் கல் போடுகிறோம். கடலை யாரும் தடுக்கவில்லை. அடுத்த வீட்டைக் கை காட்டிவிடுகிறோம். அவ்வளவுதான். கடைசி வீட்டில் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்குக் கை காட்ட ஆளே இல்லை.

மறுநாள் குப்பம் முழுவதற்கும் சேர்த்து ஒரே மனுவாக எழுதினோம். கரை முழுவதையும் ஆய்வு செய்து, யார் பக்கமும் அரிக்காதபடி தடுப்பு வேண்டும் என்று. முதல் கையெழுத்து அஞ்சலை அத்தை. சேகர் மாமா வரவேயில்லை. நானே போனேன்.

"என் கல்ல எடுக்கச் சொன்னா எடுக்க மாட்டேன் மாமா. எட்த்தா என் வூடு பூடும்."

"எடுக்கச் சொல்லல. கையெழுத்துப் போடு."

முகத்தைத் திருப்பிக்கொண்டே போட்டார். ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். ஆட்கள் வந்து பார்ப்பார்களாம். எப்போது? தெரியாது. அதுவரை கடல் பொறுக்குமா? அதுவும் தெரியாது. நான் செய்தது சரி என்று நம்புகிறேன். ஆனாலும் இதை எழுதுவதற்குள் எத்தனை தடவை எழுந்துபோய்ப் பின்கதவைப் பார்த்திருப்பேன் என்று உங்கள் அம்மாவைக் கேட்டுப்பாருங்கள்.

இன்று நீங்கள் பள்ளிக்கும், அம்மா வேலைக்கும் போன பிறகு, சமையலறைச் சுவரை இனி நம்ப முடியாமல் அடுப்பையும் சிலிண்டரையும் தனியாகத் தூக்கிவந்து முன்னறையில் வைத்தேன். நீங்கள் படிக்கிற மூலைதான், மன்னிக்க வேண்டும். புது இடத்தில் அடுப்பு வைத்தால் பால் காய்ச்சிப் பொங்கவிட வேண்டும் அல்லவா? நானும் பால் காய்ச்சினேன்.

பொங்கி வரும்போது அடுப்பை அணைத்துவிட்டேன். இது புது வீடு இல்லையே!