மூடி பறந்த ஞாயிற்றுக்கிழமை

பாடாலூரில் எங்கள் வீட்டின் முன்பக்கம்தான் அப்பாவின் மோட்டார் காயில் கட்டும் கடை. போர்வெல் மோட்டார் புகைந்துபோனால் சுற்றுவட்டாரத்து விவசாயிகள் அங்கேதான் வந்து நிற்பார்கள். "நாலு பேரு முன்னாடி சொன்னது வித்த சரக்கு மாதிரிங்க, திரும்ப எடுக்கறதில்ல" என்று அப்பா அவர்களிடம் பெருமையாகச் சொல்லுவார்.

பன்னிரண்டாவது முடித்திருந்த அக்காவுக்குத் திருச்சியில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்க ஆசை. அப்பாவுக்கோ, பெண்பிள்ளை பஸ்ஸில் பெரம்பலூர் போய்வந்து ஏதாவது படித்தால் போதும். இந்த இழுபறிக்கு நடுவில்தான், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்த நேராக ஓடும் மோட்டார் ஒன்று செய்து தருவதாக எங்கள் பள்ளிக்கூடத்து அறிவியல் டீச்சரிடம் சொல்லிவிட்டு வந்தாள் அக்கா.

"நேரா எப்புடி ஓடும்?"

"சுத்துற மோட்டார நறுக்கி, பாய் மாதிரி விரிச்சுட்டா நேராத்தான்டி ஓடும்."

கடையில் கிடந்த, பல் பல்லாக வெட்டிய தகடுகளை அடுக்கி, அவற்றின் பல்லிடுக்குகளில் கம்பிச் சுருள்களை இறக்கினாள். அவள் சோற்றை மறந்தாள். பார்த்துக்கொண்டே நானும் மறந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கடையில் நல்ல கூட்டம். அக்கா ஓர் இரும்புத் தகட்டை அந்தச் சுருள்களின் மேலே வைத்து சுவிட்சைப் போட்டாள். உர்ர்ரென்றது. தகடு அப்படியே ஒட்டிக்கொண்டது.

"என்னம்மா, வண்டி ஸ்டாண்டுலயே நிக்குது?" என்றார் ஒரு செட்டிகுளத்துக்காரர். கடையே சிரித்தது. அப்பாவுக்குத் தாங்கமுடியாத சந்தோஷம். "இது மட்டும் ஓடட்டும்ங்க, நானே இவள டிரிச்சில கொண்டுபோயி சேத்துட்டு வரேன்!"

எனக்கு அழுகை முட்டியது. அப்போதுதான் அடுப்படியிலிருந்து வந்த அம்மா, குழம்புச் சட்டியின் அலுமினிய மூடியை நீட்டினாள். "இத வச்சுத்தான் பாரேன்டி."

அக்கா வைத்தாள். சுவிட்ச்! மூடி விருட்டென்று பாய்ந்து, அப்பாவின் டீ கிளாஸைத் தட்டிவிட்டு, செட்டிகுளத்துக்காரர் மடியில் விழுந்தது. "யாத்தே!" என்று அவர் துள்ள, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று நரைத்த தலைகளெல்லாம் கத்த, நான் குதித்த குதியில் ஸ்டூல் சாய்ந்தது.

"என்னங்க, டிரிச்சிக்கு எப்ப கெளம்புறது?" என்றாள் அம்மா. டீ சொட்டும் சட்டையோடு அப்பா எல்லார் முகத்தையும் பார்த்தார். சரக்கு விற்றுப்போயிருந்தது.

அந்த நேரத்தில் அம்மா கையில் மூடி இருந்தது எங்கள் அதிர்ஷ்டம் என்று பல நாள் சொல்லித் திரிந்தேன். மூடியின் பிடி முன்பே கழற்றப்பட்டிருந்ததையும், விளிம்பு சுத்தியலால் தட்டி மட்டமாக்கப்பட்டிருந்ததையும், அந்த வாரம் முழுக்க அம்மா குழம்பைத் தட்டு வைத்து மூடியதையும் நான் பார்க்காமல் இல்லை. இரும்பென்றால் ஒட்டும், அலுமினியமென்றால் ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் அக்கா அத்தனை தெளிவாக விளக்கியபோதுகூட, முதலில் ஏன் இரும்பை வைத்தாள் என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.