காலி நாற்காலிக்கு அளவெடுத்த நாட்கள்

கறுப்புக் கோட்டு தைத்து விற்கும் தொழிலில் ஒரு பெரிய நிம்மதி உண்டு: என்ன நிறம் வேண்டும் என்று வருகிறவரும் யோசிக்க வேண்டாம், நாமும் கேட்க வேண்டாம். அதற்கு ஈடாக மற்ற எல்லாத் தொல்லைகளையும் கடவுள் எங்களுக்கே ஒதுக்கிவிட்டார். கவுண்டருக்குப் பின்னால் நின்று, வராத சிரிப்பை வரவழைத்துப் பிழைப்பு நடத்தும் உங்களுக்கெல்லாம் இது சொல்லாமலே புரியும்.

எங்கள் கடை மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு சந்தில் இருக்கிறது. வக்கீல் கோட்டு, கவுன், கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டை, நீதிபதிகளுக்கு அங்கி எல்லாம் தைக்கிறோம். கல்லாவில் நான். உள்ளே வெட்டுமேஜையில் பாபு மாஸ்டர். திருவல்லிக்கேணியில் பிறந்து வளர்ந்தவர். கத்தரி அளவுக்கு வாயும் ஓடும். உச்ச நீதிமன்றத்தில் ஒரு நீதிபதி ஓய்வுபெற்று, அந்த இடத்துக்கு இந்தத் தடவை நம்ம ஊர் ஆள்தான் என்று பேச்சுக் கிளம்பியது. உயர் நீதிமன்ற நீதிபதிகள் இரண்டு பேர் பெயர் அடிபட்டது. இருவருமே சீக்கிரம் ஓய்வுபெற வேண்டியவர்கள். அதற்குள் டெல்லியிலிருந்து கூப்பிட்டால் உண்டு, இல்லாவிட்டால் பென்ஷன்தான். பெயர் சொல்ல மாட்டேன், கடைக்கு நல்லதில்லை. ஒருவர் அடையாறு, இன்னொருவர் மந்தைவெளி. அது போதும்.

சாம்பல் நிறத் துணி

அடையாறு நீதிபதியின் மனைவி ஒரு நாள் காலையில் கடைக்கு வந்தார். பையிலிருந்து நல்ல கனமான உல்லன் துணியை எடுத்து மேஜையில் போட்டார். சாம்பல் நிறம். எங்கள் கடையில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறத்தைப் பார்த்து எத்தனையோ காலம் ஆகியிருந்ததால், பாபு மாஸ்டர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "அவரோட தம்பி பொண்ணுக்கு டெல்லியில கல்யாணம்மா. தை மாசம். அங்க குளிர் தாங்க மாட்டார். கழுத்து மூடின கோட்டு ஒண்ணு தைச்சுக் குடுத்துடுங்க" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து சேஷாத்ரி சார் ஸ்டூலில் உட்கார்ந்து பட்டை கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மயிலாப்பூரின் மூத்த வக்கீல். நாற்பது பக்கத் தீர்ப்பைப் படிக்காமலேயே அதில் என்ன இருக்கிறது என்று சொல்லக்கூடியவர், பாதி நேரம் தப்பாக. கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கினார். "சாந்தி, உல்லன் எதுக்கு?" என்றார். கல்யாணத்துக்கு என்றேன். பொய்ச் சாட்சியைப் பார்த்துச் சிரிப்பது போல ஒரு சிரிப்புச் சிரித்தார். "கல்யாணம்னுதான் சொல்லச் சொல்லியிருப்பா." கோர்ட்டில் சாம்பல் நிறம் போட முடியாதே சார் என்று நான் நியாயம் பேசிப் பார்த்தேன். அவர் எழுந்து, கட்டிய பட்டையைக் கழற்றாமலேயே வாசலுக்குப் போய், அங்கிருந்து திரும்பிச் சொன்னார்:

"கோர்ட்டுக்கு யாரும்மா சொன்னா? பதவிப் பிரமாணம் ஆன அன்னிக்கு சாயங்காலம் டீ பார்ட்டி இருக்குமே, அதுக்கு!"

இடுப்பு எத்தனை இன்ச்?

மறுநாளிலிருந்து கடையில் கூட்டம். சந்தோஷப்படாதீர்கள். எல்லோரும் ஒரே ஒரு வெள்ளைப் பட்டை வாங்க வந்தவர்கள். அதை வாங்கிக்கொண்டு அரை மணி நேரம் நின்றார்கள். ஒருவர் ஃபேன் காற்று நன்றாக வருகிறது என்றார். ஒருவர் தண்ணீர் கேட்டார். இன்னொருவர், தன் வாழ்நாளில் முதல் தடவையாக என்று நினைக்கிறேன், துணியின் தரத்தைப் பற்றி விசாரித்தார். எல்லோருடைய கண்ணும் உள்ளே மாட்டியிருந்த சாம்பல் கோட்டின் மேலேயே இருந்தது. ஒரு கைதான் வைத்திருந்தோம்; மறு கை இன்னும் துணியாகவே கிடந்தது.

அவர்களில் அசோக் நகர் வக்கீல் ஒருவர் மட்டும் சுற்றி வளைக்காமல் நேராக விஷயத்துக்கு வந்தார். யார் கோட்டு என்றார். வாடிக்கையாளர் விவரம் சொல்வதில்லை என்றேன். அவர் அதை மிகவும் மதிப்பதாகச் சொன்னார். தொழில் ரகசியம் என்றால் என்ன என்று வக்கீலான தனக்குத் தெரியாதா என்றார். பிறகு கவுண்டரில் சாய்ந்து, குரலைத் தாழ்த்தினார்:

"யாருன்னு நீங்க சொல்லவே வேணாம் மேடம். இடுப்பு எத்தனை இன்ச்னு மட்டும் சொல்லுங்க, மீதியை நான் பார்த்துக்கறேன்."

தைக்கக் கொடுத்திருக்கு

அடையாறு நீதிபதிக்கு உல்லன் கோட்டு தயாராகிறது என்ற செய்தி தி. நகருக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர், மந்தைவெளி நீதிபதிக்கு மைத்துனர். திருநெல்வேலிப் பக்கம். வியாபாரத்தில் எதிர்க்கடைக்காரன் போர்டு மாட்டினால் அன்றைக்கே தானும் மாட்டிவிடுகிறவர். கையில் ஒரு உல்லன் துணிப் பார்சலோடு கடைக்கு வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "எங்க அத்தானுக்கும் ஒரு கோட்டு போடணும், தாயி. இதே மாதிரி. இதைவிடக் கொஞ்சம் தடிமனா இருக்கணும்."

சாரை வரச்சொல்லுங்கள், அளவெடுக்க வேண்டும் என்றேன். "அத்தானுக்குத் தெரியாது. தெரிஞ்சா என்னை வீட்டுக்குள்ளயே விடமாட்டாவ. என் அளவை எடுத்துக்கிடுங்க. அவுக கொஞ்சம் குட்டை, கொஞ்சம் ஒல்லி, கழுத்து மட்டும் நீளம்" என்றார். பாபு மாஸ்டர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார். "நைனா, நீ சொல்ற ஆளுக்குத் தைக்கணும்னா உன்னைக் கிழிச்சித்தான் தைக்கணும்" என்றார். நான் பதறிப்போய் மாஸ்டரை அடக்கினேன். அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. பார்சலை எடுத்து, வாசலிலிருந்து நன்றாகத் தெரிகிற இடமாகப் பார்த்து, அடையாறு கோட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தார். சற்றுத் தள்ளி நின்று பார்த்துத் திருப்தியானார்.

"தைக்கவே வேண்டாம்மா. தைக்கக் கொடுத்திருக்குன்னு இருந்தாப் போதும்."

பொம்மைக்கு வந்த புகழ்

எங்கள் கடை வாசலில் ஒரு பொம்மை நிற்கும். தலை கிடையாது. நீதிபதி அங்கியை மாட்டி வைத்திருப்போம். ஒரு டி.வி. சேனலிலிருந்து மைக்கும் கேமராவுமாக ஒரு பெண் வந்து, அந்தப் பொம்மையின் முன்னால் நின்று, "யாருக்காகக் காத்திருக்கிறது இந்த அங்கி?" என்று உருக்கமாகக் கேட்டார். அது எனக்குத் தெரிந்து பல வருடமாக வெயிலில் காத்திருக்கும் அங்கி. தோளில் சாயம்கூட வெளுத்துவிட்டது. சொன்னேன். கேமராவை நிறுத்திவிட்டு, "அதை மட்டும் சொல்லாதீங்க மேடம்" என்றார்.

பிறகு பாபு மாஸ்டரிடம் மைக்கை நீட்டினார். மாஸ்டர் தலையை வாரிக்கொண்டு வந்து நின்றார். டெல்லிக்குப் போகப்போவது அடையாறா, மந்தைவெளியா, உங்கள் கணிப்பு என்ன என்று அந்தப் பெண் கேட்டார். அன்று சாயங்காலம் மாஸ்டரின் முகம் எல்லோர் வீட்டிலும் தெரிந்தது. கீழே 'நீதித்துறை வட்டாரம்' என்று எழுத்து ஓடியது. மாஸ்டர் சொன்னது இதுதான்:

"துணி கீது, நூல் கீது, பட்டன் கீது. உள்ள நிக்கிற ஆளை மட்டும் அவங்க இன்னும் அனுப்பல."

தக்காளிக்கு இந்தியில் என்ன?

கோட்டு முடிந்துவிட்டது என்று போன் செய்ததும், அடையாறு அம்மா வந்தார். முகம் வாடியிருந்தது. உட்காரச் சொல்லி மோர் கொடுத்தேன். வீட்டில் என்ன நடக்கிறது என்று மெல்லச் சொன்னார். சமையல்காரம்மா, தன்னால் டெல்லிக்கெல்லாம் வர முடியாது என்று வேறு வீடு பார்த்துக்கொண்டாராம். ஆதம்பாக்கத்தில் இருக்கும் சொந்தக்காரர் ஒருவர் குடும்பத்தோடு வந்து, நீங்கள் காலி செய்தால் இந்த சோபாவை என்ன செய்வீர்கள் என்று கேட்டு, உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துவிட்டும் போனாராம். சார் காலையில் பெசன்ட் நகர் கடற்கரையில் நடப்பதையே விட்டுவிட்டார். முன்கூட்டியே வாழ்த்துச் சொல்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது? நன்றி என்றால் ஆசைப்படுகிறார் என்பார்கள். இல்லை என்றால் மறைக்கிறார் என்பார்கள்.

"கல்யாணத்துக்கும் வரமாட்டேங்கறார்மா" என்றார். இந்தச் சமயத்தில் டெல்லியில் காலை வைத்தால், ஆள் பார்க்கப் போனார் என்று பேசுவார்களாம். அந்தப் பெண் காலேஜ் படித்ததெல்லாம் இவர்கள் வீட்டில் இருந்துதான். பெரியப்பா கையைப் பிடித்துக்கொண்டுதான் மணமேடைக்கு வருவேன் என்று போனில் அழுதாளாம். சார் போனை வைத்துவிட்டு, படிக்கிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாராம்.  அந்தச் சாம்பல் கோட்டை மடிக்கவும் மனசு வரவில்லை, மாட்டி வைக்கவும் மனசு வரவில்லை. அந்த அம்மா மோரைக் குடித்து முடித்து, யாராவது கேட்கிறார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு, வெட்கத்தோடு சொன்னார்:

"அவரைச் சொல்றேனே தவிர, நானே ஒரு நாள் போன்ல, தக்காளிக்கு ஹிந்தியில என்னன்னு தேடிப் பார்த்துட்டேம்மா."

கல்யாணத்துக்கு அந்த அம்மா மட்டும் தனியாகப் போய்விட்டு வந்தார். கோட்டு எங்கள் கடையிலேயே தொங்கியது.

கடைசியில் ஒரு பெயர்

மாசி பிறந்து சில நாள் கழித்து, நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் கொலீஜியம் அனுப்பிய பெயர் வெளியே வந்தது. அடையாறும் இல்லை, மந்தைவெளியும் இல்லை. வடக்கே வேறு ஏதோ ஒரு மாநிலத்து நீதிபதி. அந்தப் பெயரை எங்கள் கடையில் யாரும், தப்பித்தவறிக்கூட, ஒரு தடவையும் உச்சரித்ததில்லை. சாயங்காலம் கோர்ட்டிலிருந்து திரும்பிய வக்கீல்கள் வழக்கம்போல வந்து நின்றார்கள். பட்டைகூட வாங்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த இடத்தில் யார் முதலில் பேசுவது என்று தெரியாமல் நிற்பார்களே, அப்படி. தி. நகர் அண்ணாச்சி சத்தமில்லாமல் வந்து, பார்சலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார்.

சேஷாத்ரி சார்தான் முதலில் வாயைத் திறந்தார். "நான் இதை அப்பவே எதிர்பார்த்தேன்" என்றார். உடனே எல்லோருக்கும் உயிர் வந்தது. ஆளாளுக்குத் தாங்களும் எதிர்பார்த்ததாகச் சொன்னார்கள். அசோக் நகர் வக்கீல் மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. நம்ம ஊருக்குக் கிடைக்கவில்லையே என்று அங்கலாய்த்தார். சேஷாத்ரி சார் அவர் தோளில் கை போட்டார். குரலில் அப்படி ஓர் ஆறுதல்.

"இப்ப பேர் வந்திருக்கே, அவரோட மாமியாருக்குக் கண் ஆபரேஷன் நடந்தது மெட்ராஸ்லதான். ஆத்துல விசாரிச்சுண்டுதான் வந்தேன். ஆக, ஒரு விதத்துல நம்ம மனுஷாதான்!"

டெலிவரி

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை, கடையைத் திறந்து அகர்பத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது, அடையாறு நீதிபதி தானே வந்தார். வேட்டி, அரைக்கைச் சட்டை. காரை விட்டுவிட்டு ஆட்டோவில் வந்திருந்தார். பாபு மாஸ்டர் ஓடிப்போய் ஸ்டூலைத் துடைத்தார். சார் கோட்டைப் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். சென்னை வெயிலுக்கு அந்த நிமிஷமே வேர்த்துக் கொட்டியது. ஆனாலும் கழற்றாமல், கையை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டே நின்றார். எவ்வளவு நாளைக்குப் பிறகோ கடற்கரையில் நடந்துவிட்டு வருவதாகச் சொன்னார். "அடுத்த வாரம் டெல்லி போறேன். தம்பி பொண்ணு புது வீட்டுக்குக் கூப்பிட்டிருக்கா. மாப்பிள்ளை சமைக்கிறாராம்."

அங்கே இப்போது குளிர் விட்டிருக்குமே சார் என்றேன். பரவாயில்லை, இந்தக் கோட்டோடு என்னைப் பார்க்க வேண்டும் என்று அவள் கேட்டாள் என்றார். பிறகு எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. உங்களுக்கே கிடைத்திருக்கலாம் சார், எங்களுக்கெல்லாம் வருத்தம்தான் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் கொஞ்ச நேரம் பட்டனையே போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார். வருத்தமே இல்லை என்று அவர் சொல்லவில்லை. கோட்டைக் கழற்றி மாஸ்டர் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, வெளியே பூக்காரிகள் கத்திக்கொண்டிருந்த தெருவைப் பார்த்துச் சிரித்தார்.

"இனிமே நான் எங்க வேணாலும் போகலாம்மா. யாரும் பார்க்க மாட்டாங்க."

டெல்லியில் ஒரு நாற்காலி காலியானால் அதில் போய் உட்காருகிறவர் என்னவோ ஒருவர்தான். உட்காராமலேயே முதுகு வலி கண்டவர்கள் எங்கள் சந்தில் மட்டுமே ஏராளம்.