பெயர் எழுதாத பத்தாவது பாட்டு

கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் நான் ஜாக்கெட் தைக்கும் கடைக்கும், பக்கத்தில் இருந்த கேசட் பதிவுக் கடைக்கும் நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். பதிவுக் கடைக்காரர் அந்தப் பக்கம் இருமினால் இந்தப் பக்கம் எனக்குத் தொண்டை கமறும். அவர் கடையில் என்ன பாட்டு ஓடுகிறதோ அதுதான் என் கடையிலும். பிடிக்காத பாட்டு வந்தால் கத்தரிக்கோலின் கைப்பிடியால் பலகையில் ஒரு தட்டு தட்டுவேன். உடனே ஸ்பீக்கரை அணைத்துவிடுவார். ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இருபது வருடத்துக்கு மேல் எங்களுக்குள் இருந்த ஒப்பந்தம் அது.

அந்தப் பலகை வழியாகத்தான் நான் அந்தக் கிட்டார் பாடகருக்கு ரசிகையானேன். அவர் சினிமாவில் பாடாதவர். மெட்ராஸில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு, தானே எழுதி, தானே கிட்டார் வாசித்துப் பாடி கேசட் போட்டவர். பத்திரிகையில் அவரை ராக் பாடகர் என்று எழுதுவார்கள். எங்களுக்கு அவர் 'கிட்டாரு', அவ்வளவுதான். அவருடைய கேசட் எதுவும் எங்கள் ஊர்க் கடைகளுக்கு வராது. பதிவுக் கடைக்காரர் மெட்ராஸ் போகும்போது ஒன்று வாங்கி வந்து வைத்துக்கொள்வார். வேண்டியவர்கள் வெறும் கேசட்டைக் கொடுத்தால் அதைப் பார்த்துப் பதிந்து தருவார். உறைக்குப் பின்னால் பாட்டுகளின் பெயரைத் தன் குண்டுக் கையெழுத்தில் எழுதியும் தருவார்.

எனக்குத் துணையாக இன்னொரு ரசிகை கிடைத்தாள். வெள்ளிமலையில் பள்ளி விடுதிக்குச் சமைக்கிறவள். சனிக்கிழமை மளிகை வாங்க மலையிலிருந்து பஸ்ஸில் இறங்குவாள். முதல் தடவை ஜாக்கெட் அளவு கொடுக்க வந்தபோது, கையைத் தூக்கு என்றேன். தூக்கினாள். அந்த நேரம் பார்த்துப் பலகைக்கு அந்தப் பக்கம் கிட்டாரு பாட ஆரம்பித்தார். பாட்டு முடிகிற வரைக்கும் அவள் கையை இறக்கவே இல்லை. நானும் டேப்பைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தேன். அதற்கப்புறம் அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் 'இன்னாடி'.

கிட்டாரு மொத்தம் ஆறு கேசட் போட்டார். ஒவ்வொன்றையும் நாங்கள் இரண்டு பேரும் பிரித்து மேய்ந்திருக்கிறோம். முதல் கேசட்டின் உறையில் தோள் வரைக்கும் முடி, கறுப்புக் கண்ணாடி, மோட்டார் சைக்கிள். கத்தல் ஜாஸ்தி, பாட்டு கம்மி என்பது என் கட்சி. கத்தினாலும் உள்ளேயிருந்து கத்துகிறார் என்பது அவள் கட்சி. இரண்டாவதில் முடி இருந்தது, சட்டைப் பொத்தான் இல்லை. மூன்றாவதில் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாலாவதில் மீசையை எடுத்துவிட்டார், பாட்டிலும் என்னமோ குறைந்துபோனது. ஐந்தாவதில் கோட்டு. அந்தக் கோட்டுக்குத் தோள் இறங்கியிருந்தது. அளவு கொடுக்காமல் ரெடிமேடாக வாங்கி மாட்டியிருக்கிறார் என்று பார்த்தவுடன் சொன்னேன். ஆறாவதில் நெற்றி நிறைய விபூதி, எல்லாம் சாமிப் பாட்டு. இவள் அதையும் பதிந்து வாங்கி விடுதிச் சமையல்கட்டில் போட்டாள்.

மூன்றாவதுதான் உச்சம் என்பதில் எங்களுக்குள் சண்டையே இல்லை. சண்டையெல்லாம் அதில் வரும் கடைசிப் பாட்டைப் பற்றித்தான். உறையில் ஒன்பது பாட்டுக்குத்தான் பெயர் இருந்தது. ஒன்பதாவது முடிந்து கொஞ்சம் இடைவெளி விட்டுப் பத்தாவதாக ஒன்று வரும். வந்த பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு. ஒரே ஒரு கிட்டார், வேறு வாத்தியம் கிடையாது.

"பேரு வெக்க மனசு வர்லக்கா அவருக்கு. அவ்ளோ சொந்தமான பாட்டு. அது ஒண்ணுக்கே அவருக்கு கோயிலு கட்டலாம்" என்பாள்.

"கட்டு, கட்டு. செருப்ப வெளிய வுட்டுட்டு, காதுல பஞ்சு வெச்சிக்கினு உள்ள வரேன். கேவலமா இருக்குதுன்னு அவருக்கே தெரிஞ்சிருக்குது. அதான் பேரு போடல" என்பேன்.

மனதாரத்தான் சொன்னேன். அந்தப் பாட்டில் சரணத்துக்குப் போகிற இடத்தில் குரல் ஒரு நடுக்கம் நடுங்கும். ஏறலாமா வேண்டாமா என்று யோசிக்கிற குரல். நாலாவது கேசட்டில் கிட்டாரு சரிந்ததற்கு ஆரம்பம் இந்த இடம்தான் என்று நான் கண்டுபிடித்து வைத்திருந்தேன். அந்த இடம் வந்ததும் கை தானாகப் பலகையைத் தட்டும். பஞ்சாயத்துக்குப் பதிவுக் கடைக்காரரைக் கூப்பிட்டால், "நான் இன்னாத்தம்மா சொல்றது, கேக்கறவங்க சொல்றதுதான்" என்று நழுவிவிடுவார்.

ஒரு தடவை ஆத்தூர் துணி வியாபாரி ஒருவர் அசல் கேசட்டையே கொண்டுவந்து காட்டினார். அதில் பத்தாவது பாட்டு இல்லை. நாங்கள் ஒற்றுமையாக இருந்த நாள் அது ஒன்றுதான். கம்பெனிக்காரன் உங்கள் ஊருக்கு அறுத்துக் கொடுத்துவிட்டான் என்று இரண்டு பேரும் அவருக்காகப் பரிதாபப்பட்டோம். பதிவுக் கடைக்காரரும் கூட நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

பிறகு என் கேசட் சிக்கிப் போனபோது புதிதாக ஒன்று கொடுத்து, "அண்ணே, அந்தக் கடைசிப் பாட்ட மட்டும் வுட்டுடுங்க, வேற இன்னாத்தயாச்சும் போட்டுத் தாங்க" என்றேன். சரிம்மா என்றார். ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுக் கொடுத்தார். நான் நிம்மதியாகக் கேட்டேன்.

காலம் போனது. கேசட் போய், சிடி வந்து, அதுவும் போனது. பதிவுக் கடை ஜெராக்ஸ் கடையானது. என் கடை மட்டும் ஜாக்கெட் கடையாகவே இருந்தது. அப்போதுதான் புதிதாகத் திறக்கிற செல்போன் கடைக்கு ரிப்பன் வெட்ட கிட்டாரு வருகிறார் என்று பேனர் கட்டினார்கள்.

வெள்ளிமலைக்காரி முதல் பஸ்ஸில் இறங்கிவிட்டாள். நான் தைத்த ஜாக்கெட்டில் புதிதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். கிட்டாருக்கு எழுபது வயதிருக்கும். முடி மைக் கறுப்பு. அந்த வெயிலிலும் கோட்டு; இந்தத் தடவை தோள் சரியாக இருந்தது. ரிப்பன் வெட்டிவிட்டு, மைக்கைப் பிடித்து இரண்டு வரி பாடினார். கூட்டம் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றது. உள்ளே உட்கார வைத்து ஜூஸ் கொடுத்தபோது நாங்கள் எப்படியோ பக்கத்தில் போய்விட்டோம்.

"ஐயா, மூணாவது கேசட்டுல பத்தாவது பாட்டுக்கு ஏன் பேரு வெக்கலீங்க?" என்று கேட்டாள். இருபது வருடமாக அவள் சேர்த்து வைத்திருந்த கேள்வி அது.

"அதுல ஒம்பது பாட்டுதாம்மா."

இவள் பாடியே காட்டினாள். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு வாட்டி பாடும்மா என்றார். மறுபடி பாடினாள். "நல்லாருக்கு. ஆனா என்னுது இல்லம்மா. யாருதுன்னு தெரிஞ்சா எனக்கும் சொல்லுங்க" என்றார். அதற்குள் போட்டோவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

"வயசாயிடுச்சி, மறந்துட்டாரு" என்றேன் வெளியே வந்து.

"பெத்தவளுக்குப் புள்ள மறக்குமாக்கா?" என்றாள். முகம் செத்துப் போயிருந்தது.

நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனோம். கடைக்காரர் யாருடைய ரேஷன் கார்டையோ நகல் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஆணியில் ஒரு கிட்டார் தொங்கியது. திருவிழாக் கச்சேரிகளில் அவர் வாசித்துக்கொண்டிருந்த காலத்துக் கிட்டார். அதற்கு உறை தைத்தது நான்தான், ஜாக்கெட் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளை ஒட்டுப் போட்டு. அதை அத்தனை வருடமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

கேட்டோம். ஒரு ஜெராக்ஸுக்கு விலை சொல்கிற குரலில் சொன்னார், "அது நான் பாடுனதும்மா."

கேசட்டில் இடம் மிஞ்சினால் காலியாக விடக்கூடாது. விட்டால், டேப்பு ஓடுது சத்தத்தைக் காணோம் என்று ஜனம் சண்டைக்கு வரும். அதனால் மிச்ச இடத்தில் ஏதாவது சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்புவார்கள். எனக்குத் தெரியாத வழக்கமா இது? சினிமாப் பாட்டென்றால் எல்லோருக்கும் தெரியும், நிரப்பியது என்று விட்டுவிடுவோம். அதுவரை யாருமே கேட்டிராத பாட்டு, கிட்டார் வாசிப்போடு வந்ததால் கிட்டாரு பாடியது என்றே நினைத்துவிட்டோம்.

"நாலு நிமிஷம் மிஞ்சிச்சி. அவரு பாட்டு பக்கத்துல சினிமாப் பாட்டு ஒட்டல. பொங்கலுக்கு தெருவே மூடிக் கெடந்துச்சி. எங்கிட்ட ஒண்ணு இருந்துச்சி, பாடிப் போட்டேன். யாராச்சும் கேட்டா சொல்லலாம்னுதான் இருந்தேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் சண்ட போட ஆரம்பிச்சிட்டீங்க. சரி, யாரு ஜெயிக்கறீங்கன்னு பாத்துட்டு சொல்லிக்கலாம்னு வுட்டுட்டேன்."

"அப்புறம் ஏண்ணே சொல்லல?"

"அப்புறம்தான் நீ அந்தப் பாட்ட வுட்டுடச் சொன்னியேம்மா. சரி, வேணாம்னு எங்கிட்ட இருந்த கேசட்டுலயும் அழிச்சிட்டேன்."

அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. மெஷினிலிருந்து வந்த தாளை எடுத்து ஓரம் தட்டி அடுக்கினார். அவர் அதற்கப்புறம் வேறு எதையும் பாடிப் பதிந்தாரா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

வெள்ளிமலைக்காரிதான் பேசினாள். "அப்ப நான் இத்தினி வருஷமா யாரோட ரசிகைக்கா?"

அவள் யாரோ ஒருவருடைய பாட்டுக்காக இன்னொருவருக்குக் கோயில் கட்டியிருக்கிறாள். நான் அதே பாட்டுக்காகக் கிட்டாரு சரிந்துவிட்டார் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மூன்றாவது கேசட்டில் அவர் சரியவே இல்லை என்றால், நாலாவதில் மட்டும் ஏன் சரிந்தார்? நிஜமாகவே சரிந்தாரா, இல்லை, நான் முடிவு கட்டி வைத்துக்கொண்டு கேட்டேனா?

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஒரு ஜாக்கெட்டுக்கு வலது கையை இடது பக்கம் வைத்துத் தைத்துவிட்டேன். கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைப்பேன். எதற்குக் கேட்க வேண்டும், பிடிக்கவில்லை என்று உண்மையைத்தானே சொன்னேன் என்று அடுத்த நிமிடம் கோபம் வரும். அவர் பாடியது என்று தெரிந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். அப்படியானால் எது என் உண்மையான அபிப்பிராயம்? இருமலை வைத்தே அவருக்குக் காய்ச்சலா இல்லையா என்று சொல்லக்கூடியவள் நான். அவருடைய குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை. போதாக்குறைக்கு, நடுங்குகிற அந்த இடத்தை இப்போது நினைத்துப் பார்த்தால் நன்றாக இருப்பதுபோல் தோன்றியது. அதை நம்பலாமா என்றும் தெரியவில்லை. அவர்மீதும் எனக்குக் கோபம் இருந்தது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

மறு சனிக்கிழமை வெள்ளிமலைக்காரி தன் கேசட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தாள். அந்தப் பாட்டு மிச்சமிருப்பது எங்களுக்குத் தெரிந்து அதில் மட்டும்தான். கடைக்காரர் முதலில் வேண்டாம் என்றார். அப்புறம் மேல்தட்டிலிருந்து பழைய டேப் ரிக்கார்டரை இறக்கித் தூசி தட்டினார். என்னையும் அங்கே வந்து உட்காரச் சொன்னார்கள். அவர் முகத்துக்கு எதிரே உட்கார்ந்து அதைக் கேட்க எனக்குத் தெம்பில்லை. நான் இங்கிருந்தே கேட்கிறேன், எனக்கு இங்கேதான் பழக்கம் என்றேன்.

ஒன்பதாவது பாட்டு முடிந்தது. கொஞ்சம் இடைவெளி. கிட்டார் வந்தது. பிறகு குரல் வந்தது. இப்போது அது அவர் குரலாகவே கேட்டது, எப்படித் தெரியாமல் போயிற்று என்றே புரியவில்லை. கையில் பாதி வெட்டிய துணி இருந்தது. சத்தியமாக நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். பல்லவி முடிந்தது. சரணத்துக்குப் போகிற இடம் வந்தது. குரல் நடுங்கியது.

என் கை பலகையைத் தட்டிவிட்டது.

தட்டியதும் அந்தப் பக்கம் பாட்டு நின்றது. அவருக்கும் அது கைப்பழக்கம்தானே.

"அக்கா!" என்று வெள்ளிமலைக்காரி அங்கிருந்து கத்தினாள்.

கத்தரிக்கோலைப் பார்த்தேன். என்னுடையதுபோலவே இல்லை அந்தக் கை. "அண்ணே, நான் தட்டலண்ணே, கை பட்டுடுச்சி" என்றேன். எனக்கே அது பொய்போல் கேட்டது.

"பரவால்லம்மா" என்றார். இருமினார். "வுடு. புடிக்கலன்னா வேணாம்."

கத்தரிக்கோலை மெஷின் டிராயருக்குள் போட்டு மூடினேன். பலகைக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

"புடிக்குதா, புடிக்கலியான்னு எனக்கே இன்னும் தெரியலண்ணே. அதுக்குத்தான் கேக்கறேன். மொதல்லேருந்து போடுங்க."

அந்தப் பக்கம் டேப் பின்னால் சுற்றுகிற சத்தம் கேட்டது.